மைக்செட்காரர் தேடிய மெல்லிசை

ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் மேடையில் முதலில் பேசுகிறவர் அவர்தான். "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ!" தலைவர்கள் எல்லாம் அப்புறம்தான். இருபத்திரண்டு வருடமாக அதைத் தாண்டி மேடையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் குறையை வீட்டில் தீர்த்துக்கொள்வார், அப்பப்பா! தெருவில் எல்லோருக்கும் அவர் மைக்செட்காரர். பெற்றவர் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் வீடு தெரியாது.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பதிவு மேசையில் வேலை. நோயாளிகளுக்குச் சீட்டுப் போட்டு, போனை எடுத்து, "கொஞ்சம் காத்திருங்க" என்று சொல்வதிலேயே பதினாறு வருடம் போய்விட்டது. அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்க ஆசை. அதற்கு ஆஸ்பத்திரியே ஒரு தேர்வு வைக்கிறது. இரண்டு தடவை எழுதிக் கோட்டை விட்டாள். நாற்பது வயது ஆகிவிட்டால் எழுத விடமாட்டார்கள். அவளுக்கு முப்பத்தொன்பது நடக்கிறது. இந்தத் தடவையும் போனால் கடைசிவரை சீட்டுப் போட வேண்டியதுதான்.

"இந்தத் தடவை உன்னை நான் பாஸ் பண்ண வைக்கிறேன்," என்றார் மைக்செட்காரர்.

"நீங்களா? ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் போட்டு விழுவீங்களே!"

"பாடத்தை நீ படி. பின்னணி இசை என் பொறுப்பு. மெதுவா ஒரு மியூசிக் ஓடிட்டே இருந்தா படிக்கிறது அப்படியே மண்டையில ஏறுமாம்."

யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு ஒரு மணி நேரம் பதில் வரும்.

மறுநாள் நாலு மணிக்கு வேலை முடிந்து வந்து புத்தகத்தை விரித்தாள். கூடத்தின் இரண்டு மூலையிலும் ஆளுயரப் பெட்டிகள் நின்றன, கல்யாண மண்டபத்துக்குப் போகிறவை. முதலில் மழைச் சத்தம் போட்டார். சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாகக் கேட்டது. இரண்டாவது நிமிடமே "ஐயோ, துணி!" என்று மாடிக்கு ஓடினாள். மேலே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்து பியானோ. அது ஓடி நின்றதும் அவள் வெறுங்கையைக் காதில் வைத்து, "வணக்கம், பதிவுப் பிரிவு, சொல்லுங்க" என்றாள். ஆஸ்பத்திரி போனில் காத்திருப்பவர்களுக்குப் போடுவதும் அதே மாதிரிப் பியானோதானாம். புல்லாங்குழல் போட்டதில் அவள் படித்தாளோ இல்லையோ, சோபாவில் இருந்த அவருடைய அப்பா ஐந்தே நிமிடத்தில் குறட்டை விட ஆரம்பித்தார்.

இது போதாதென்று தொழில் புத்தி வேறு. மண்டபத்தில் கடைசி வரிசைவரை நடந்துபோய்க் கேட்டுப் பார்க்கிற பழக்கம் வீட்டிலும் விடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சமையலறை வாசலில் நின்று காதைச் சாய்த்துக்கொண்டு, "அங்க எப்படிக் கேக்குது? பேஸ் தூக்கலா இருக்கா? சத்தம் அதிகமா இருந்தா சொல்லு" என்பார்.

"சத்தம் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் அதிகமா இருக்கீங்க," என்றாள் அவள்.

மூன்று வாரம் பாழ். தேர்வுக்கு நாற்பது நாள்தான் பாக்கி. மனுஷனுக்குப் பயம் வந்துவிட்டது. யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த தன் பெரிய ஹெட்ஃபோனை எடுத்து வந்து அவள் தலையில் மாட்டினார். கையடக்கமான ஒரு பிளேயரில் தினமும் காலையில் உட்கார்ந்து புதுசு புதுசாக மெல்லிசை ஏற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து என்ன மாயமோ, நாலு மணிக்குக் குனிந்த தலை ஆறு மணிக்குத்தான் நிமிர்ந்தது.

"இன்னிக்கு எப்படி?"

"அருமைங்க."

"நடுவுல ஒரு வயலின் வந்ததே, கவனிச்சியா?"

"சொக்கிப் போயிட்டேன்."

கேட்க வேண்டுமா! "எல்லாம் செலக்‌ஷன்ல இருக்குப்பா" என்று டீக்கடையில் உட்கார்ந்து ஒரு வாரம் அளந்தார்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவர் ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் பைக்குள் கையைவிட்டார். பிளேயர் வந்தது. பகீரென்றது. மணி நாலரை. "போச்சு, அவ படிப்பு கெட்டுப் போச்சு!" என்று போட்டது போட்டபடி ஸ்கூட்டரை விரட்டினார்.

மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒயரின் நுனி எதிலும் செருகாமல் மேசைக்கடியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

சுருக்கென்றது அவருக்கு. வயலினுக்குச் சொக்கினாளாமே! இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று வாயெடுத்தார். அதற்குள் அப்பா தடவித் தடவி உள்ளேயிருந்து வந்தார். "அம்மா..." என்று ஆரம்பித்தவர், ஹெட்ஃபோனைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, தானே தேடி டிவி மேல் இருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பின்னாலேயே மகள் வந்தாள். அம்மா தலையில் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் சமையலறைக்குப் போய்த் தானே பாலைச் சுட வைத்தாள்.

மைக்செட்காரர் யோசித்தார். ஒரு மாதமாக, "என் நீலச் சட்டை எங்க?" என்று தானும் கேட்கவில்லைதான். பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனார். அன்று ராத்திரி "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "அருமைங்க" என்றாள். "அது போதும்" என்றார்.

பட்டியலில் அவள் பெயர் நாலாவதாக வந்தது. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார், மைக் இல்லாமலே.

அன்று மாலை அவள் ஹெட்ஃபோனைத் துடைத்து, ஒயரைச் சுற்றிக் கொண்டுவந்து நீட்டிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"நீ ஒரு பாட்டுகூடக் கேக்கல. அதானே?"

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீங்க தினமும் உக்காந்து ஏத்தினீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மாட்டிக்கிட்டா யாரும் என்னைக் கூப்பிடலைங்க. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்துல இப்பதான் ரெண்டு மணி நேரம் சேந்தாப்ல யாரும் கூப்பிடாம இருந்தேன். அவ்ளோ நல்லா இருந்துச்சு." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அவளுக்குக் கொடுத்ததிலேயே உருப்படியான பொருள் இதுதான், அதுவும் தெரியாமல் கொடுத்தது என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "அம்மாடி, என் மாத்திரை எங்கம்மா?"

அவள் எழுந்தாள். மைக்செட்காரர் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"அவளைக் கூப்பிடாதீங்கப்பா. நான் வரேன்."