ஆறு இருபத்து மூன்றுக்கு நிற்கும் கை

அந்த ரோபோக் கை முதல் தடவை நின்றபோது தளத்தில் இருந்தவர்கள் பசை வரிசையில் வேலை செய்யும் எட்டுப் பெண்கள், சுப்பர்வைசர், கண்ணாடி அறையில் வேலை பார்க்கும் நான். இல்லாதவர் கொழும்பு எஞ்சினியர். அதைப் பற்றி முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் தொழிற்சாலை மாத்தளையிலிருந்து பல்லேபொல போகும் வழியில் இருக்கிறது. அடி எண்ணும் சப்பாத்து செய்கிறோம். குதிகாலுக்குக் கீழே ஒரு சிப் இருக்கும். எத்தனை அடி நடந்தோம் என்று போனில் காட்டும். அடித்தோலின் ஓரமாகப் பசை இழுத்து, அந்தச் சிப்பைப் பதிப்பது ரோபோக் கையின் வேலை. அதைத் திரையில் கண்காணிப்பது என் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். அது ஆறாவது மாதம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா மாத்தளைச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். "பேர்மனன்ட் பண்ணிட்டாங்களா?" என்று அம்மா தினமும் கேட்பாள்.

"அந்தக் கை நிக்குதும்மா. ஏன்னு கண்டுபிடிக்காம எப்படிப் பண்ணுவாங்க?"

"ஒரு உதை விட்டுப் பாரேன்டா," என்பார் அப்பா. "எங்க லொறி அப்படித்தான் ஸ்டார்ட் ஆகும்."

தினமும் மாலை சரியாக ஆறு இருபத்து மூன்றுக்குக் கை நிற்கும். பதினான்கு நொடி கழித்துத் தானே ஓடும். ஆனால் நின்ற இடத்தில் பசை குமிழாகத் திரண்டு ஒரு சப்பாத்து வீணாகும். திரையில் "பாதுகாப்பு நிறுத்தம்" என்று மட்டும் மஞ்சளாக வரும். கரண்ட் குறைந்தாலும் அதே வரி, கையைச் சுற்றியுள்ள கம்பிக் கூண்டின் கதவு திறந்தாலும் அதே வரி.

ரமழான் நோன்பு தொடங்கிய நாளில்தான் அதுவும் தொடங்கியது. வரிசையில் ஐந்து பேர் நோன்பாளிகள். எல்லாருக்கும் மூத்தவரை நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவருவார். யாருடைய போனிலாவது நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு முதல் கப்பை எனக்கு ஊற்றுவார். "பாவம், புள்ள தனியாக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்குது" என்பார். பாங்கு கேட்டதும் நான் கைகழுவப் போவேன். திரும்பி வந்தால் ஜன்னல் கட்டையில் கப் ஆவி பறக்க இருக்கும். கை மறுபடி ஓடிக்கொண்டிருந்தாலும் திரையில் அந்த மஞ்சள் வரி அழியாமல் இருக்கும். ஒரு கையில் கஞ்சியோடு மறு கையால் நேரத்தைக் குறித்து வைப்பேன். இப்படி எட்டு நாள்.

பிறகு மூன்று பக்க அறிக்கை எழுதினேன். பொழுது சாயும் நேரத்தில் ஊர் முழுக்க விளக்குப் போடுகிறார்கள், மின்னழுத்தம் இறங்குகிறது, மூன்றரை லட்சம் ரூபாயில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கவேண்டும். வரைபடமும் போட்டிருந்தேன். நீலத்திலும் சிவப்பிலும்.

ஒன்பதாம் நாள் எஞ்சினியர் வந்தார். வரைபடத்தை நிதானமாகப் பார்த்தார்.

"அழகா இருக்கு தம்பி. கை நிக்கிறப்ப நீங்க கிட்டப் போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல சேர். திரையில பார்த்தேன்."

"இன்னைக்கு தளத்துல நிப்போம்."

அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால் நின்றோம். பாங்கு கேட்டது. ராத்தா கப்பை எடுத்தார். கூண்டுக்கு மறுபக்கம் இருக்கும் என் அறைக்குச் சுற்றிப் போனால் பெட்டிகள் அடுக்கிய இடத்தை எல்லாம் தாண்டவேண்டும். அவர் சுற்றவில்லை. கூண்டின் திறந்த மூலையில் நின்று, இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே கையை எட்டி நீட்டி, ஜன்னல் கட்டையில் கப்பை வைத்தார். அந்தக் கம்பங்களுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை இருக்கிறது. எது குறுக்கே போனாலும் ரோபோ நிற்கும். நின்றது.

எனக்குக் காது சுட்டது.

"ராத்தா, உங்க கையாலதான் அது நிக்குது!"

"தெரியுமே. எனக்கு வழி விடுது," என்றார் அவர். "நீங்கதான் உள்ள இருந்து நிப்பாட்டுறீங்கன்னு நெனச்சேன் தம்பி. மரியாதை தெரிஞ்ச புள்ளன்னு வீட்டுலயும் சொன்னேன்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. சுப்பர்வைசர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கஞ்சிக்கு மூன்றரை லட்சம்!" என்று யாரோ ஒருத்தி கத்தினாள். எஞ்சினியர் மட்டும் சிரிக்கவில்லை. என் அறிக்கையைச் சுருட்டி என்னிடமே நீட்டினார். என் வேலை அந்தச் சுருளோடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"கம்பத்துக்கு இடையில கை போட்டா ஆபத்து. இனி யாரும் போடக் கூடாது," என்றார் ராத்தாவிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "இதைத் திரும்ப எழுதுங்க. காரணத்தை மறைக்காம."

அன்றே எழுதினேன், அரைப் பக்கம். ஒளித்திரையைக் கடந்து வந்தது எனக்கான கஞ்சி. எட்டு நாளும் நான் இடத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை, தவறு என்னுடையது. எஞ்சினியர் நின்றபடியே வாசித்தார். ராத்தா கொடுத்த கஞ்சி அவர் கையில் இருந்தது. அப்போதுதான் சிரித்தார்.

"மெஷின் மேல பழி போடுறவங்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். உங்க பேர்மனன்ட் கடிதத்துல நாளைக்கே கையெழுத்து வைக்கிறேன். ஆனா கஞ்சி நிக்கக் கூடாது."

அதனால் பெட்டிகளை ஒதுக்கி நடைவழி திறந்தோம். கஞ்சி சுற்றிவர ஒரு தள்ளுவண்டியும் செய்தோம். வண்டியின் சட்டத்துக்குப் பழைய இரும்பைச் சுப்பர்வைசர் தந்தார். நான்கு சக்கரம், ஒரு தட்டு, வெல்டிங் கூலி, எல்லாம் சேர்த்து மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்.