மலைப் பயணத்துக்கு நாள் குறித்தவர்

கொடைக்கானலுக்குப் படம் எடுக்கப் போவதற்கு நாங்கள் மூன்று பேர் நான்கு மாதம் திட்டம் போட்டோம். அதில் மூன்றரை மாதத் திட்டம் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும், எனக்கு அதில் சம்பந்தமே இல்லாத மாதிரியே பேசினார்கள். கேட்கிறவனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

அப்போது நான் திருத்துறைப்பூண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். ஊர் அங்கிருந்து சைக்கிளில் ஒரு மணி நேரம். வாரம் முழுக்க டவுனில் ஓர் அறையில் கிடந்துவிட்டு, சனிக்கிழமை ஊருக்குப் போவேன். மூன்று பேரில் இன்னொருவர் மருந்துக்கடைக்காரர். மூன்றாவது ஆள் எங்கள் ஊர் மிராசுதாரின் மகன். பள்ளி இறுதி வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். கேமரா அவனுடையது. அவனுடைய மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு அவன் எடுத்த முதல் பன்னிரண்டு படங்களிலும் அவனுடைய கட்டைவிரல்தான் விழுந்திருந்தது. பிறகு கேமரா என் கைக்கு வந்தது.

மருந்துக்கடைக்காரர் பழைய வெளிநாட்டுப் புகைப்படப் பத்திரிகைகளை எங்கிருந்தோ கட்டாக வாங்கி வந்திருந்தார். அவற்றில் எழுதியவன் எவனாக இருந்தாலும், இலையுதிர் காலத்தில் மலைக்குப் போகாதவன் படம் எடுக்கவே லாயக்கில்லை என்று சாதித்திருந்தான். நம் பக்கம் இலை உதிர்வது மாசி, பங்குனியில். அவன் சொல்லும் மாதம் நமக்குப் புரட்டாசி, ஐப்பசி. கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்துப் பூங்காவில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்ட மரங்கள் சில உண்டு, அந்த மாதத்தில் இலை சிவக்கும் என்று யாரோ சொன்னார்கள். சிவந்த இலையை நாங்கள் மூன்று பேரும் பார்த்ததில்லை. வாழ்நாளெல்லாம் பச்சை, அறுப்புக்கு முன்னால் மஞ்சள், கோடையில் வெடித்த மண். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த நிறம்.

புரட்டாசியில் காலாண்டுப் பரீட்சை லீவு. மழை பிடிப்பதற்கு முன்னால் போய்வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தஞ்சாவூருக்கு எந்த பஸ், அங்கிருந்து திருச்சிக்கு எந்த ரயில், எங்கே மாறிக் கொடைரோட்டில் இறங்குவது, மலைக்கு முதல் பஸ் எப்போது, எல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். எந்தப் பக்கம் வெயில் விழும், மூடுபனியில் லென்ஸை எவ்வளவு திறக்கலாம், ஒரு சுருளில் பன்னிரண்டு படம்தான் என்பதால் எதை எடுக்காமல் விடுவது என்று படம் போட்டே வைத்திருந்தேன். மருந்துக்கடைக்காரரின் பட்டாளத்துத் தம்பி வீட்டில் விட்டுப்போன ஸ்வெட்டரை எனக்கு என்று சொல்லி வைத்தாயிற்று.

இதற்கு நடுவில்தான் குத்தகைப் பதிவு வந்தது. ஆட்சி மாறியிருந்த காலம். உழுகிறவனுக்கு நிலம் என்று ஒலிபெருக்கி கட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவன், தன் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம். ஏறிவிட்டால் நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. அப்பா மிராசுதாரின் மூன்று ஏக்கரை இருபது வருஷமாக உழுதுகொண்டிருந்தார். எழுத்தில் ஒரு வரி கிடையாது. சட்டம் வருகிறது என்று காற்றுவாக்கில் கேட்ட உடனேயே, எங்கள் தெருவில் இரண்டு குடும்பத்தை, "இனிமே நாங்களே சொந்தப் பண்ணை வைக்கப்போறோம்" என்று சொல்லி வயலைவிட்டு இறக்கிவிட்டிருந்தார்கள். அடுத்தது நாங்கள் என்று ஊருக்கே தெரியும். அப்பாவுக்கு மனு எழுதிக் கொடுத்தது நான். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், போய்ச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

மனு கொடுத்தது மிராசுதாருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் மனிதர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஒருநாள் நான் நோட்டோடு நண்பனைப் பார்க்கப் போனபோது அவரே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த வீட்டு நாற்காலியில் எனக்கு அதுதான் முதல் தடவை. நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, எல்லாம் பிரமாதமா எழுதியிருக்கே. ஆனா புரட்டாசியில போயி என்னத்தப் பாக்கப்போறே? ஐப்பசியில போகணும். மேகம் காலடியில வந்து நிக்கும். அங்க எங்க அண்ணன் வீடு ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு. சாவி தர்றேன், தங்கிக்கங்க."

எந்தத் தேதி என்பதை அப்போது சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து மகன் வந்து சொன்னான்: ஐப்பசி இரண்டாவது வியாழக்கிழமை கிளம்பி, ஞாயிற்றுக்கிழமை திரும்புவது. கூடவே ஒரு சின்ன டப்பாவை நீட்டினான். கலர் ஃபிலிம். "அப்பா மெட்ராசுலேர்ந்து வரவழைச்சாரு, உனக்குத்தான்."

மருந்துக்கடைக்காரர் மட்டும் முனகினார். "ஐப்பசி அடமழையில எவனாவது மலைக்குப் போவானா? ஒரு கையில கொடை, ஒரு கையில கேமரா. உங்களுக்கெல்லாம் புத்தி எங்க போச்சு?" அவர் பேச்சு என் காதில் ஏறவே இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். தங்க வீடு, கலர் ஃபிலிம், காலடியில் மேகம். பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்தேன். நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதுத் தேதிக்கு ரயில் நேரம் எழுதினேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளவேண்டும்போல இருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை ஊருக்குப் போனேன். டீக்கடையில் தலையாரி உட்கார்ந்திருந்தார். சர்க்கார் காகிதங்களை ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் அவர்தான். வியாழக்கிழமை கொடைக்கானல் போகிறேன் என்று நானாகவே பெருமை அடித்துக்கொண்டேன்.

அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வியாழக்கெழமையா? அன்னைக்குத்தானே தம்பி ஒங்கப்பாவுக்கு விசாரணை. நீதான் கூட்டிக்கிட்டு வருவேன்னுல்ல நெனச்சேன்."

"எந்த விசாரணை?"

"குத்தகை விசாரணைதான். நோட்டீசு குடுத்து, ஒங்கப்பாகிட்ட ரேகை வாங்கி பத்து நாளாச்சே. வரலேன்னா மனு தள்ளுபடின்னு அதுலயே போட்டிருக்கு."

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. அப்பா வீட்டு வாசலில் களைக்கொட்டுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நோட்டீஸ் எங்கே என்று கேட்டேன்.

"ஐயாகிட்ட இருக்கு," என்றார்.

"எந்த ஐயா?"

"எந்த ஐயாவா? பண்ண வீட்டு ஐயாதான். காயிதம் வந்துச்சு, கொண்டுபோயிக் குடுத்தேன். படிச்சுட்டு, ஒண்ணும் அவசரமில்ல, கார்த்திகை பொறந்துதான் கூப்புடுவாங்கன்னு சொன்னாரு. காயிதம் இங்கேயே இருக்கட்டும்னு வச்சுக்கிட்டாரு."

எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். கடிதமோ, கோர்ட்டு ஓலையோ, பட்டாளத்துத் தந்தியோ, எது வந்தாலும் பண்ணை வீட்டு வாசலில் போய் நின்று, அவர் படித்துச் சொல்லக் கேட்டுக்கொண்டு வருவார்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் முளைத்த பிறகும் கால் அந்தப் பக்கம்தான் போகும். ஆனால் மிராசுதாருக்கு எதிராக வந்த காகிதத்தை மிராசுதாரிடமே கொண்டுபோய்ப் படிக்கக் கொடுத்த மனுஷனை நான் எங்கே தேடிப் பிடிப்பது? என் வீட்டிலேயே இருந்தார்.

நான் கத்தினேன். பெற்ற தகப்பனிடம் பேசக்கூடாத வார்த்தைகளும் வந்தன. அப்பா பிடியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அவருக்கு எதிரா வந்த காயிதம்னு எனக்கு எப்புடித் தெரியும்? படிச்சாத்தானே தெரியும்?"

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "வெண்ணெயக் கையில வச்சிக்கிட்டு நெய்யிக்கு அலைஞ்சாராம். அவரத் திட்டுறியே, நீ மட்டும் என்னவாம்? யாரு நாள் குறிச்சா நீ ஊரவிட்டுப் போறே?"

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. வீடு, சாவி, மேகம், ஃபிலிம் டப்பா. தகப்பனிடமிருந்து காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மகனான என்னை மலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். ஒரு சுருள் ஃபிலிமுக்கு மூன்று ஏக்கர். என்னை எவ்வளவு மலிவாக எடை போட்டிருந்தார் அந்த மனிதர்! அதைவிடக் கேவலம், அவர் போட்ட எடை சரியாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே நண்பனைப் பிடித்தேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். தெரிந்துதான் செய்தாயா என்று கேட்டேன்.

"அப்பா தேதிய மாத்தச் சொன்னாரு, மாத்துனேன். எதுக்குன்னு நான் கேக்கல. நீயும்தானே சரின்னே, நீ கேட்டியா?"

ஃபிலிம் டப்பாவை அவன் பெட்டிமேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். வாசல்வரை கூடவே வந்தான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். "சரி, வரலேன்னா போ. அந்த நோட்டையாவது குடு," என்றான். நல்லா வந்தது வாயில். ஆனால் நோட்டைக் கொடுத்தும் தொலைத்தேன். வியாழக்கிழமை விடியற்காலம் அவனும் மருந்துக்கடைக்காரரும் என் ரயில் நேரப்படி, என் பட்டியல்படி, எனக்குச் சொல்லிவைத்த ஸ்வெட்டரோடு கிளம்பிப் போனார்கள்.

விசாரணை எங்கள் ஊர்ச் சாவடியில். வந்திருந்த அதிகாரி வயதில் சின்னவர், வெளியூர்க்காரர். கர்ணம் பக்கத்தில் ஊர் நிலக் கணக்குகளை விரித்து வைத்திருந்தார். மிராசுதார் எதிரே நாற்காலியில். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, மலைக்குப் போகவில்லையா என்று என்னிடம் அன்பாகவே விசாரித்தார். அந்த அன்பைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தூண் ஓரம் நின்றார். மிராசுதார்தான் முதலில் பேசினார். "இவன் என் பண்ணையாளுங்க. கூலிக்கு வேலை செய்யறான். குத்தகையெல்லாம் ஒண்ணும் கெடையாது. சாகுபடிக் கணக்கு அடங்கல்லயும் என் பேருதான் இருக்கு."

கர்ணம் தலையை ஆட்டினார். அவர் ஆட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதிகாரி அப்பாவிடம், அந்த மூன்று ஏக்கரை யார் சாகுபடி செய்வது என்று கேட்டார். அப்பா மிராசுதாரைப் பார்த்தார். பதில் சொல்ல உத்தரவு கேட்கிற பார்வை அது. எனக்குப் பொறுக்கவில்லை. "இருவது வருஷமா இவர்தாங்க..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசாதீங்க," என்று அதிகாரி என்னை நிறுத்திவிட்டு, அப்பா பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீங்க சொல்லுங்க."

அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டார். அந்தச் சாவடியில் அவரை யாரும் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. பிறகு மெதுவாக வாயைத் திறந்தார். நாற்று விட்டது எந்தப் பங்கில், எந்த மூலையில் நண்டு வளை வைத்து வரப்பு உடையும், வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் யார் வீட்டுக் குளத்திலிருந்து இறைத்தது, போன வாரம் நட்டு முடித்தது என்ன நெல், எல்லாம் சொன்னார். அதிகாரி அதையே மிராசுதாரிடம் கேட்டார். இப்போது அந்த வயலில் நிற்பது என்ன நெல்?

மிராசுதார் கர்ணத்தைப் பார்த்தார். கர்ணம் கணக்கைப் பார்த்தார். அதில் ரகம் எழுதியிருக்கவில்லை.

மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நெல்லு பேரெல்லாம் எனக்கு எதுக்குங்க? ஆளுங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியும். இவன் எனக்கு அடங்குன ஆளு. இன்னைக்கு வரைக்கும் எந்தக் காயிதம் வந்தாலும் என்கிட்டதான் கொண்டாருவான். இந்தா பாருங்க, இந்த நோட்டீசக்கூட என்கிட்டதான் கொண்டாந்து குடுத்தான். பண்ணையாளா இல்லேன்னா குடுப்பானா?"

சொல்லிக்கொண்டே தன் காகிதக் கட்டிலிருந்து அதை உருவி மேஜைமேல் போட்டார். கீழே அப்பாவின் கட்டைவிரல் ரேகை நீலமாக இருந்தது.

அதிகாரி அதை எடுத்து ஒருமுறை படித்தார். பிறகு அப்பாவிடம் கேட்டார். "பெரியவரே, இதுல என்ன தேதி போட்டிருக்குன்னு உங்களுக்குப் படிச்சுச் சொன்னாரு?"

அப்பா அதிகாரியின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை மிராசுதாரையும் பார்க்கவில்லை.

"கார்த்திகைன்னு சொன்னாருங்க," என்றார்.

மிராசுதார் நாற்காலியில் கொஞ்சம் அசைந்தார். அதிகாரி கர்ணத்திடமிருந்து கணக்கை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, குத்தகைப் பதிவேட்டை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"உங்க பேரையும் உங்கப்பா பேரையும் நீங்களே சொல்லுங்க," என்றார். அப்பா இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பெயரையும் சொன்னார்.