சாப்பிடேக்க கதையாத

எங்கள் வீட்டில் மீன் சாப்பிடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. அது அப்பா போட்ட சட்டம். மற்ற நேரத்தில் நான் எவ்வளவு அலட்டினாலும் பொறுத்துக்கொள்வார், சாப்பாட்டுக் கோப்பையில் மீன் விழுந்துவிட்டால் மூச்! எங்கள் மீன்பிடி ஊரான தாழ்வுபாட்டில் மீன் இல்லாத சாப்பாடு எத்தனை நாளைக்கு இருக்கும்? ஊரிலேயே பெரிய வாயாடி என்று பெயர் வாங்கிய நான் இருபத்திரண்டு வருடமாக ஊமையாய் இருந்துதான் சாப்பிட்டேன்.

அப்படிப்பட்ட என்னைத்தான் சாப்பிட்டுக்கொண்டே கதைக்க வேண்டிய ஒரு விருந்துக்கு அழைத்தார்கள். மன்னார் நகரில் நான் ஊடகக் கற்கை படித்துக்கொண்டிருந்த நேரம் அது. கொழும்பிலிருந்து ஒரு படக்குழு எங்கள் கரையோரத்தில் படம் பிடிக்க வந்திருந்தது. எங்கள் விரிவுரையாளர் எப்படியோ அவர்களைப் பிடித்து, கீரிக் கடற்கரைக்குப் பக்கத்து விடுதியில் மாணவர்களோடு இராச்சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்துவிட்டார். அதற்கு ‘நெட்வேர்க்கிங் டின்னர்’ என்று பெயரும் வைத்தார். நான் வீட்டில் அதைச் சொன்னதும் அப்பா, “நெட் எண்டால் வலைதானே? சாப்பிடப் போறியோ, வலை போடப் போறியோ?” என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன்.

உண்மையும் அதுதான். இயக்குநர் எங்களில் ஒருவரை மட்டும் உதவியாளராக எடுக்கப்போகிறார், படப்பிடிப்பு முடியும்வரை கூடவே வைத்திருக்கப்போகிறார் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். அந்த ஓர் இடம் எனக்கு வேண்டும். கிடைக்காவிட்டால் செத்துப்போவேன் என்பதுபோல வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் கிழமை முழுக்க என்னோடு படித்த பதினைந்து பேரையும் போட்டியாளராகவே பார்த்தேன்.

ஆளுக்கு மூன்று நிமிடத்தில் ஒரு கதை சொல்லவேண்டும். என்னிடம் ஒரு கழுதைக் கதை இருந்தது. மன்னாரில் கழுதைக்கா பஞ்சம்? அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று எத்தனை தரம் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒரே இடத்தில் விரிவுரையாளர், “நேரம் முடிஞ்சுது, இருங்கோ” என்று நிற்பாட்டிவிடுவார். ஒருநாளும் அதைத் தாண்டிப் போனதில்லை.

அன்று பின்னேரம் அப்பாதான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கினார். விடுதி வாசலில் வண்டியைத் திருப்பியபடி அவர் சொன்ன ஒரே புத்திமதி, “மீன் வச்சால் சாப்பிடேக்க கதையாத.”

உள்ளே நான்கு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் படக்குழுவில் ஒருவர், மாணவர் நான்கு பேர். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும், நாங்கள் மேசை மாறவேண்டும். தொடங்குவதற்கு முதல் மணி அடித்ததும் எங்களில் பாதிப்பேர் எழுந்து நின்று சிலுவை அடையாளம் போட்டுவிட்டோம். மணி அடித்தால் செபம் என்றே பழகிய பிள்ளைகள். எனக்குப் பக்கத்தில் இருந்த தோழி முஸ்லிம் பிள்ளை, சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு சாப்பாடு வந்தது. விருந்தாளிகளுக்கு ஊர்ச் சாப்பாடு காட்டவேண்டும் என்று விடுதிக்காரர் முரல் மீனில் சொதியும் பொரியலும் செய்திருந்தார். முரலில் ருசியும் அதிகம், முள்ளும் அதிகம். கோப்பையில் அதைக் கண்டதும் நான்கு மேசை மாணவர்களும் தலையைக் குனிந்தோம். முள்ளெடுக்கும் வேலை தொடங்கிற்று. சத்தமே இல்லை. தாழ்வுபாட்டில் மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைத்திருந்தேன், கரையோரம் முழுக்க எல்லா அப்பாமாரும் அதையே சொல்லி வளர்த்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. எங்கள் மேசையில் இருந்த ஒப்பனைக் கலைஞர், பாவம், “உங்களுக்கு என்னோட கோபமா?” என்று கேட்டேவிட்டார்.

விரிவுரையாளர் மேசை மேசையாக ஓடினார். எங்கள் மேசைக்கு வந்து குனிந்து, “பிள்ளையள், கதையுங்கோ! இதுக்கோ இவ்வளவு பாடுபட்டனான்?” என்று கெஞ்சினார்.

தோழி நிமிராமலே, “முள்ளு, சேர்” என்றாள்.

இரண்டாவது மணி அடித்ததும் இயக்குநரின் மேசை எனக்குக் கிடைத்தது. அவர் ஐம்பதைத் தாண்டிய, வாய் ஓயாத மனிதர். தன் முதல் படத்தை எடுக்கப் பட்ட பாட்டைச் சொல்லத் தொடங்கினார். கையை ஆட்டி, குரலை மாற்றி, நடுவில் சிரித்து, சிரிப்புக்கு நடுவில் ஒரு வாய்ச் சோறும் மீனும். அழகாகத்தான் சொன்னார், ஆனால் நேரம் போகிறதே! நான் ஒருமுறை, “சேர், என்னட்டையும் ஒரு...” என்று வாயைத் திறந்தேன். “ஒரு நிமிஷம் பிள்ளை, இதைக் கேளுங்கோ” என்று அடுத்ததற்குத் தாவிவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருபது நிமிடத்தில் பத்து நிமிடம் போய்விட்டது.

அப்போதுதான் அவர் பேச்சு பாதியில் நின்றது. கை தொண்டைக்குப் போயிற்று. கண்ணில் தண்ணீர்.

மேசையில் இருந்த நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நான் எழுந்து அவர் பக்கத்துக்குப் போய், “மூச்சு வருதோ? தலையை மட்டும் ஆட்டுங்கோ” என்றேன். ஆட்டினார். “குத்துதோ?” அதற்கும் ஆட்டினார். வெறும் சோற்றை உருட்டி அவர் கையில் வைத்தேன். “மெல்லாமல் விழுங்குங்கோ. வாய் திறக்காதேங்கோ. கதைச்சால் இன்னும் உள்ளுக்கு ஏறும்.”

நான் சொன்னது என் குரலிலேயே இல்லை, அச்சொட்டாக அப்பாவின் குரல். ஊரெல்லாம் பெயர் பெற்ற இயக்குநர் சின்னப் பிள்ளைபோல வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். விரிவுரையாளர் தூரத்தில் நின்று தொண்டைக்குரிய புனிதரை மன்றாடிக்கொண்டிருந்தார்.

முதல் உருண்டைக்கு முள் அசையவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. அவர் பயந்துபோயிருந்தார், எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் விரலைக் காட்டித் தடுத்தேன். அந்த நேரத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. எதிரில் இருப்பவர் இயக்குநர். அவரால் கதைக்க முடியாது. என் கோப்பையில் மீன் முடிந்துவிட்டது. இதைவிட நல்ல நேரம் எனக்கு எந்த ஜென்மத்தில் வரும்?

“சேர், நீங்கள் விழுங்குங்கோ, நான் ஒரு கதை சொல்லுறன்” என்று தொடங்கினேன்.

ஒரு கல்யாண நாள். பெண் தீவுக்குள்ளே மாதா கோயிலில் காத்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் வான் வண்டி பிடித்து வருகிறார்கள். மன்னாருக்குள் நுழையும் பாலத்தில் நடுவழியில் ஒரு கழுதை. கோர்ன் அடித்தார்கள், தள்ளினார்கள், அசையவில்லை. சுவாமியார் அடுத்த ஊரில் பூசைக்குப் போகவேண்டும், மணிக்கூட்டைப் பார்க்கிறார். செய்தி கோயிலுக்கு வருகிறது. காதில் வெட்டுள்ள கழுதை என்று யாரோ சொல்ல, பெண் திடுக்கிடுகிறாள். காலையில் தன் வீட்டு வாசற்படலையில் வந்து நிற்கும் கழுதை அது, அவள் கையால் கொடுத்தால்தான் தின்னும். கல்யாணச் சேலையோடு தம்பியின் மோட்டார் சைக்கிளை எடுக்கிறாள்.

இயக்குநர் மூன்றாவது உருண்டையைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். பக்கத்து மேசைகளும் திரும்பிவிட்டன. நான் பெண்ணாகவும் சுவாமியாராகவும் கழுதையாகவும் மாறி மாறி நின்றேன். அந்த நேரம் பார்த்து மேசை மாறும் மணி அடித்தது. இயக்குநர் கையை உயர்த்தி எல்லோரையும் இருக்கச் சொன்னார்.

“பெண் பாலத்துக்கு வந்து சேருறாள். வான் கதவைத் திறந்து மாப்பிள்ளை இறங்குறார். நடுவில கழுதை. அது திரும்பி அவளைப் பாக்குது...”

வழக்கமாக விரிவுரையாளர் நிற்பாட்டும் இடம். அன்று யாரும் நிற்பாட்டவில்லை. இயக்குநர் உருண்டையை விழுங்கினார், தொண்டையைத் தடவினார், ஒருமுறை செருமினார். முள் இறங்கிவிட்டது. கரகரத்த குரலில் அவர் முதலில் கேட்டது தண்ணீர் அல்ல.

“பிறகு?”

பிறகு என்ன என்று எனக்கே தெரியாது. அந்த இடத்தைத் தாண்டி ஒருவர் கேட்பார் என்று நான் நினைக்கவேயில்லை. ஏதாவது அவிழ்த்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். முடியவில்லை. “தெரியாது, சேர். ஒவ்வொரு நாளும் இதிலதான் நிக்கிறன்” என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போயிற்று, அந்த இடம் போயே போயிற்று என்று நினைத்தேன்.

அவர் சிரித்து, இருமி, கடைசியில் தண்ணீரை வாங்கிக் குடித்தார். “திங்கட்கிழமை காலம ஆறு மணிக்குக் கடற்கரைக்கு வாங்கோ. வேலை முடியிறதுக்குள்ள எனக்கு அந்தப் பிறகைச் சொல்லவேணும்” என்றார். நான் ஓம் என்று சொன்னேனா, கத்தினேனா தெரியாது. தோழி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள், போட்டியாளர்களும் கைதட்டினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். முள்ளையும் சொன்னேன், கழுதைக் கதையையும் அந்தப் பாலம்வரைக்கும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “சாப்பிடேக்க கதைச்சவரோ?”

“ஓம்.”

“பாத்தியா” என்றார், அதோடு சரி. எனக்குச் சப்பென்று போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் ஓரா மீன் குழம்பு. அம்மா, அப்பா, நான், மூவரும் வழமைபோலச் சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவின் கை சோற்றோடு பாதியில் நின்றது. ஏதோ முள்தான் என்று நானும் அம்மாவும் நிமிர்ந்தோம்.

“அந்தப் பொம்பிளை,” என்றார் அப்பா, “பாலத்தில வந்து நிண்டவள் எல்லோ. என்ன செய்தவள்?”

அம்மா வாயைப் பிளந்தபடி அவரைப் பார்த்தாள்.

“முள்ளை எடுத்திட்டுச் சாப்பிடுங்கோ அப்பா,” என்றேன். “பிறகு சொல்லுறன்.”