சென்னைக்குப் போய் வந்த முனீஸ்வரி

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆடி மாதத்தில், மதுரை வில்லாபுரத்தில் பிளவுஸ் தைத்துப் பிழைக்கும் முனீஸ்வரிக்குச் சென்னையிலிருந்து பதிவுத் தபால் வந்தது. முழுக்க இங்கிலீஷ். தன் பெயரையும் தம்பி அழகுபாண்டியின் பெயரையும் மட்டும் அவளால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது.

அழகுபாண்டி கடனில் லோடு ஆட்டோ வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். தவணை நின்றதும் கடன் கொடுத்த கம்பெனியின் ஆட்கள் திருமங்கலத்தில் வைத்து வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தம்பி திருப்பூருக்குப் போய் போனை அணைத்துவிட்டான். வசூல்காரன் அக்காவைப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு மட்டுமல்ல, அவள் மகளைக் கட்டிக்கொடுத்த அவனியாபுரத்து வீட்டுக்கும் போன் போட்டான்.

தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் தபாலைப் படித்துச் சொன்னார்: "கடன் தகராறத் தீர்க்க ஒரு நடுவரப் போட்டிருக்காங்கக்கா. கோர்ட்டு மாதிரிதான். பத்தொம்பதாம் தேதி சென்னைக்கு வரணுமாம்."

"நடுவர யாரு போட்டது?"

"கம்பெனிதான்."

கணவன் பால்பாண்டிக்கு அவள் போவதில் இஷ்டமில்லை. "சும்மா மிரட்டுறதுக்கு அனுப்புறது. அவனவன் கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாக்குறான்."

"போகாட்டி இல்லாததும் பொல்லாததும் எழுதிருவாங்க. நான் போறேன்."

எழும்பூரில் இறங்கி, பார்த்தவர்களிடமெல்லாம் விலாசத்தைக் காட்டிப் போய்ச் சேர்ந்தாள். செருப்புக் கடைக்கு மேலே ஓர் அறை. மேசை நிறைய ஃபைல் கட்டுகள். நடுவரும் கம்பெனி வக்கீலும் ஒரே தட்டில் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

"யாரும்மா நீ?" என்றார் நடுவர்.

"முனீஸ்வரி. மதுரையிலருந்து வாரேன். லெட்டர் போட்டிருந்தீங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கே யாரும் வருவதில்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"வண்டிய எம்புட்டுக்கு வித்தீங்க சார்? அதக் கழிச்சீங்களா?"

வக்கீல் ஒரு தாளை நீட்டினார். "ஒத்துக்கிட்டேன்னு கையெழுத்துப் போடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

தம்பிக்காக வாசிக்காமல் போட்ட ஒரு கையெழுத்தே போதும் என்றிருந்தது அவளுக்கு. தான் கேட்ட கேள்விகளை வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாள். இன்னொரு நகலில் தேதி போட்டு சீல் வைத்துத் தரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மார்கழியில் கோர்ட்டு அமீனா வாசலில் வந்து நின்றார். நடுவர் தீர்ப்புக் கொடுத்துவிட்டாராம். பணம் கட்டாவிட்டால் வீட்டுச் சாமான்கள் ஜப்தியாம். தெருவே வேடிக்கை பார்த்தது. ஜப்தியில் தங்கள் துணியும் போய்விடும் என்று பயந்து, தைக்கக் கொடுத்தவர்கள் அன்றைக்கே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். முனீஸ்வரி யாரையும் தடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

மறுநாள் கோர்ட்டு வளாகத்து இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனாள். அங்கிருந்த வக்கீல் சத்யப்ரியா தீர்ப்பைப் படித்தார். 'எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை' என்றிருந்தது. சீல் வைத்த நகலை முனீஸ்வரி எடுத்து நீட்டினாள்.

"போயிருந்தீங்களா?" சத்யப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அக்கா, அவங்களா ஒரு ஆளப் போட்டு வாங்குன தீர்ப்பு செல்லாதுன்னே வாதாடலாம். இதுல வந்தவங்கள வரலைன்னு வேற எழுதிருக்காங்க."

எட்டு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் பிழைப்புப் போனது. கடைசியில் நீதிபதி கம்பெனியின் ஜப்தி மனுவைத் தள்ளுபடி செய்தார்.

"கடனே போயிருச்சுன்னு நெனச்சிராதீங்கக்கா," என்றார் சத்யப்ரியா, வராந்தாவில் நின்று. "முறைப்படி திரும்ப வரலாம். வந்தா உடனே எங்கிட்ட வாங்க."

பத்து நாள் கழித்து அழகுபாண்டியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, கேஸு முடிஞ்சிருச்சாமே. நான் ஊருக்கு வரலாமா?"

முனீஸ்வரி தையல் மிஷினை நிறுத்தினாள்.

"வாடா. மாசம் எம்புட்டுக் கட்ட முடியும்னு உன் கைப்பட எழுதிக் கம்பெனிக்கு அனுப்புவோம். நீ எழுதணும். நான் இல்ல."

"யோசிச்சுச் சொல்றேன்க்கா," என்று வைத்துவிட்டான். இன்னும் சொல்லவில்லை.