அக்கா எடுத்துவைத்த வாளி

அவரைப் பெரிய மனிதர் என்று சொல்வதற்கில்லை. தண்ணீர்ப் பரிசோதனை நிலையத்துக்காக இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து சோதிப்பவர். தோளில் ஒரு பெட்டி, அதற்குள் பனிக்கட்டி, நடுவே கண்ணாடிப் பாட்டில்கள். அதனால் எல்லாருக்கும் அவர் பாட்டில்காரர். வேலையில் மட்டும் மயிரிழை பிசக மாட்டார். குழாயைத் திறந்து கால் மணி நேரம் ஓடவிட்டு, அடியிலிருந்து புதுத் தண்ணீர் வந்த பிறகுதான் பாட்டிலைப் பிடிப்பார். மூடியதும் கவிழ்த்துப் பார்ப்பார். உள்ளே கடுகளவு குமிழி இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடியும் பிடிப்பார்.

ஊருக்கு வடக்கே ஒரு நிறுவனம் கோபுரம் நிறுத்தி எரிவாயுக் கிணறு தோண்டி இரண்டு வருடமாகிறது. மூன்று கிலோமீட்டர் ஆழம். வாயு இருக்கும் இடத்துக்குப் போக, குடிதண்ணீர் ஊறும் அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் போயாக வேண்டும். இரண்டும் கலக்காமலிருக்க இரும்புக் குழாயைச் சுற்றிச் சிமெண்ட் பூசுவார்கள். அந்தப் பூச்சில் விரிசல் விட்டால் வாயு தண்ணீரில் கரைந்து வீட்டுக்குள் வரும். வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லாததால் அறைக்காற்றில் கலந்தது தெரியாது. மூடிய அறையில் சேர்ந்துகொண்டே இருந்தால் ஒரு நெருப்புப் பொறி போதும்.

அந்தத் தெருவில் ஐந்து வீட்டுத் தண்ணீரில் வாயு இருப்பதைப் பாட்டில்காரரே கண்டுபிடித்திருந்தார். கிணற்றுக் கோபுரத்துக்கு மிக அருகே இருந்த கடைசி வீடு மட்டும் மூன்று முறையும் சுத்தம். அது அவருடைய அக்கா வீடு. “பக்கத்து வீட்டிலேயே இல்லாத வாயு தூரத்து வீட்டுக்கு எங்களிடமிருந்து எப்படிப் போகும்?” என்று நிறுவனம் கையை விரித்துவிட்டது. அவருக்கும் அது விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் அக்கா வீடு தப்பித்ததே என்ற நிம்மதி முந்திக்கொண்டது. நிம்மதி வந்த இடத்தில் அவர் கேள்வி கேட்கவில்லை.

நான்காம் முறை போனபோது அந்த ஐந்து வீடுகளில் ஒன்றில் இருந்த தையல்கார அம்மா வாசலிலேயே மறித்தாள்.

“என்னங்க பாட்டில்காரரே, என் வீட்டுத் தண்ணி பால் மாதிரி வருது, பம்பு இருமுது. உங்க அக்கா வீட்டுல மட்டும் தேவாமிர்தமா?”

“கருவி சொல்றதத்தாம்மா எழுதறேன்.”

“கருவிக்கும் சொந்தபந்தம் உண்டு போலிருக்கு!”

அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. அக்கா வீட்டுச் சமையலறையில் வழக்கம்போல முக்காலியின்மேல் ஒரு வாளி. மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. பின்கட்டில் பம்பு இருக்கும் அறைக்கு ஏழு படி இறங்க வேண்டும். அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து, “நீ ஏன்டா இறங்கி ஏறணும்? நானே பிடிச்சு வெக்கறேன்” என்று அவள் ஏற்படுத்திய வழக்கம் அது. இருபத்தாறு வருடத்தில் அவர் விதியை வளைத்த ஒரே வீடு.

“அக்கா, இது எப்ப பிடிச்சது?”

“நேத்து சாயங்காலம். பால் மாதிரி நுரைச்சுக்கிட்டு வருது. அப்படியே வெச்சா கண்ணாடியாத் தெளிஞ்சிடும்.”

“ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?”

“பின்னே? சின்ன வயசுலேருந்தே கலங்கல் தண்ணி உனக்கு ஒத்துக்காதே.”

“நான் குடிக்கவா கேட்டேன்? சோதிக்கக் கேட்டேன்க்கா!”

“எதுக்குக் கேட்டா என்ன? உன் கைக்குக் கொடுக்கறது நல்லதா இருக்க வேண்டாமா?”

அவர் தட்டை எடுத்து வாளிக்குள் பார்த்தார். தட்டு போட்டு மூடினாலும், வாளியில் இரவெல்லாம் தேங்கிய தண்ணீரிலிருந்து வாயு வெளியேறிவிடும். மூன்று முறையும் அவர் சோதித்தது, வாயு போனபின் மிஞ்சிய தண்ணீர்.

“குளியலறையில இன்னும் அந்த கேஸ் ஹீட்டர்தானா?”

“ஆமா. குளிருதுன்னு ஜன்னலக் கூட அடைச்சு வெச்சிட்டேன். நீதான் தண்ணி நல்லாருக்குன்னு எழுதிட்டியே.”

அவர் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். ஹீட்டருக்குப் போகும் வாயுவை அடைத்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஏழு படிகளையும் இறங்கினார். கால் மணி நேரம் ஓடவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தார். பால்வெள்ளை. அடியிலிருந்து மெல்ல மெல்ல மேல்நோக்கித் தெளிந்தது. பாட்டிலை நிரப்பி, கவிழ்த்துப் பார்த்து, மூன்றாம் தடவைதான் குமிழியில்லாமல் மூட முடிந்தது.

சோதித்தபோது, தெருவிலேயே அதிகமான வாயு அக்கா வீட்டுத் தண்ணீரில்தான் இருந்தது. அறிக்கையின் கீழே அவர் எழுதினார்: ‘முந்தைய மூன்றும் தவறு. தேங்கிய தண்ணீரை எடுத்தேன். பொறுப்பு என்னுடையது.’

அக்கா அழுதாள். “வாளியில வெச்சது நான்னு எழுதேன்டா. உனக்கு எதுக்குக் கெட்ட பேரு?”

“வாளியப் பாத்தும் கேக்காம விட்டது யாரு? நீ பாசத்துல வெச்சே. எனக்குக் கண் இருந்துச்சே.”

கோபுரத்தில் வேலையை நிறுத்தி, சிமெண்ட் பூச்சைச் சோதிக்க உத்தரவு வந்தது. தெருவுக்கு லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. தையல்கார அம்மா அவருடைய பெட்டியின் அறுந்த பட்டையை வாங்கித் தைத்துக் கொடுத்தாள். அந்தப் பெட்டியைச் சுமக்க இப்போது வேறு ஆள். பாட்டில்காரருக்கு நிலையத்தில் பாட்டில் கழுவும் வேலை. கழுவியதையும் கவிழ்த்துப் பார்த்துத்தான் அடுக்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தார். அவள் டம்ளரில் தண்ணீர் நீட்டினாள். பழக்கதோஷம், கை தானாக அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கியது.

“நல்லாப் பாத்துக்கோ. லாரித் தண்ணி. இப்பதான் பிடிச்சேன்” என்றாள் அக்கா.

“எப்ப?”

“இப்பதான்டா!”

அவர் சிரித்துக்கொண்டே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.