போன சாட்சியைத் திருத்திச் சொல்கிறேன்

ஆண்டவருடைய பிள்ளைகளே, போன வருடம் நம் கல்கத்தா தமிழ்ச் சபையில் எழுந்து நின்று நான் சொன்ன சாட்சி உங்களுக்கு நினைவிருக்கும். அது தப்பு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகன் ஜோயலுக்கு ஹீமோஃபீலியா. அடிபட்டால் ரத்தம் லேசில் உறையாது. அடிபடாமலே முழங்காலுக்குள் கசிந்து வீங்கிவிடும். அவன் தவழ ஆரம்பித்ததிலிருந்து நான் அழாத வாரம் கிடையாது. பிறகு அரசு ஆஸ்பத்திரியில், கசிவு வரும் முன்பே தடுக்க, ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் ஊசி, வாரம் மூன்று முறை என்றார்கள். வீட்டிலேயே போட எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எட்டு மாதம் ஒரு கசிவும் இல்லை. உடனே நான் மைக்கைப் பிடித்து, "ஆண்டவர் சுகம் தந்துவிட்டார், ஊசியை நிறுத்திவிட்டேன்" என்றேன். நீங்களும் கை தட்டினீர்கள்.

கசிவு இல்லாததே அந்த ஊசியால்தான் என்பது இந்த மரமண்டைக்கு ஏறவில்லை. வீட்டுக்காரர் எவ்வளவோ சொன்னார். அவிசுவாசம் பேசாதீர்கள் என்று அவர் வாயை அடைத்தேன். மிச்சக் குப்பிகள் ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் கிடந்தன.

ஊசியை நிறுத்திய மூன்றாம் வாரம் துர்கா பூஜை. அஷ்டமி மதியம், ஜாதவ்பூரில் எங்கள் சந்துப் பந்தலில் விளையாடிய ஜோயல் மூங்கில் தடுக்கி விழுந்து தலையை இடித்துக்கொண்டான். காயம் இல்லை, சின்னப் புடைப்புதான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தான். தலைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. துறைமுகத்தில் டூட்டியில் இருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஓவென்று அழுதேன்.

"ஏட்டி, மொதல்ல ஊசியப் போடு! அழுகைய பொறவு வச்சுக்கலாம்."

ஆஸ்பத்திரியில் தந்த தாளிலும் அதுதான் இருந்தது. தலையில் அடி என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே, வழக்கத்தைவிட இரு மடங்கு. மருந்தைக் கலந்தேன். கீழ்வீட்டு வங்காளி அம்மாவைப் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓடி வந்து ஜோயலின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் துர்கா மாவைக் கூப்பிட்டார், நான் இயேசப்பாவைக் கூப்பிட்டேன். முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தேடினேன்.

"கேந்தோ நா, மா" என்றான் ஜோயல். அழாதே என்று வங்காளத்தில் எனக்கு ஆறுதல் சொல்கிறான், ஒன்பது வயதுப் பிள்ளை!

அப்போது ஒரு ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, அற்புதம் கேட்கவில்லை. நரம்பைக் காட்டும், போதும்."

மூன்றாவது குத்து. பட்டர்ஃப்ளை ஊசியின் மெல்லிய குழாயில் சிவப்பாக ரத்தம் ஏறியது. நரம்பு கிடைத்துவிட்டது! ஒன்பது வருடமாக ரத்தத்தைக் கண்டாலே பதறிய நான், அன்றைக்கு ரத்தத்தைப் பார்த்து "ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன். பௌதி பயந்தே போனார்.

மருந்து முழுவதும் ஏறிய பிறகுதான் டாக்சியில் உட்கார்ந்தோம். பூஜைக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. ஆனால் மருந்து அவன் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். டாக்டரிடம் ஊசியை நிறுத்தியதை ஒப்புக்கொண்டு நன்றாகத் திட்டு வாங்கினேன். அதற்கும் ஸ்தோத்திரம்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி, பள்ளிக்குக் கிளம்பும் முன் ஜோயலே கையை நீட்டுகிறான். நான் ஜெபித்துவிட்டுப் போடுகிறேன். ஒவ்வொரு நாளும் வெளியே கிளம்பும்போது, "தீங்கு வராமல் காத்துக்கொள்ளும்" என்று கேட்கிறோம். வந்த பிறகா கேட்கிறோம்? அப்படியிருக்க, வருமுன் போடும் ஊசி எப்படி அவிசுவாசம் ஆகும்? நான் கேட்ட காவலை அவர் குப்பியில் போட்டு ஃப்ரிட்ஜிலேயே வைத்திருந்தார். நான்தான் அதை மாவுக்குப் பின்னால் தள்ளினேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், முழங்கால் போடுங்கள், ஊசியும் போடுங்கள். இரண்டும் அவர் தந்ததுதான். இந்த முறை நான் சொல்லும் சாட்சி சின்னது. நேற்று ஜோயல் பள்ளியில் ஓடினான், விழுந்தான், எழுந்து மறுபடியும் ஓடினான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. அதற்குக் கை தட்டுங்கள்.