தேள் இறங்கிய கை

மகள் ஆடும் கணினி விளையாட்டின் மாய உலகத்தில், குகையிலிருந்து ஆளுயரத் தேள் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, ஜவ்வாது மலையில் நாங்கள் புளி உலர்த்திய அகலப் பாறை என் நினைவில் வந்தது. பின்னாளில் சாலை போடுவதற்காக அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எழுபதுகளின் கடைசியில், பெண்கள் புளி தட்டும் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க, நானும் அக்கா வள்ளியும் அந்தப் பாறையின் வெடிப்பைத் தேள் ராஜாவின் கோட்டை என்று சொல்லி விளையாடுவோம்.

ஒருநாள் அக்கா அங்கே ஒரு கல்லைப் புரட்டினாள். முதுகு நிறைய வெள்ளைக் குஞ்சுகளோடு ஒரு கருந்தேள் அவள் கையில் ஏறி, முழங்கை வரை நடந்தது. புளி தட்டும் சத்தம் நின்றது.

"அசையாத கண்ணு, மூச்சு கூட வுடாத," என்றாள் அம்மா.

தேள் மெல்லத் திரும்பி, வந்த வழியே இறங்கி, வெடிப்பின் வாயில் நின்றது. அம்மா பாய்ந்து வந்து அக்காவைப் பின்னால் இழுத்தாள்.

"இன்னாடி, கொட்டிச்சா?"

"இல்லம்மா. ஒரு குஞ்ச வுட்டுட்டுப் போய்டுச்சு."

அக்காவின் உள்ளங்கையில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒன்று நெளிந்தது. தேள் நகரவில்லை. தேளைக் கண்டால் கல்லைத் தேடும் அம்மா, அன்று அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து வெடிப்பருகே தாழ்த்தினாள். குஞ்சு ஊர்ந்து போய்த் தாயின் முதுகில் ஏறியது. அதற்குப் பிறகுதான் தேள் இருட்டுக்குள் போயிற்று.